கேட்கப்படாத சம்மதம்

ஈஸ்டரை ஒட்டிய நான்கு நாட்கள் நெல்லைப் பக்கத்துச் சேகரங்களில் எப்படிப் போகும் என்பது அங்கே வளர்ந்தவர்களுக்குத் தெரியும். வியாழன் இரவு திருவிருந்து. வெள்ளி நண்பகலிலிருந்து மூன்று மணி வரை ஏழு வார்த்தைகள் தியானம். சனிக்கிழமை கொஞ்சம் மூச்சு விடலாம், ஊரில் யாரும் இறக்காமல் இருந்தால். ஞாயிறு விடியுமுன்னே கோயில் மணி அடித்துவிடும். ஒரு சேகரத்தில் பல ஊர்ச் சபைகள் உண்டு. ஜெபத்தை உபதேசியார் நடத்திவிடுவார். திருவிருந்து கொடுக்கக் குருப்பட்டம் பெற்றவர்தான் வேண்டும். ஆகவே ஐயர் ஒரு ஊரில் முடித்த கையோடு அடுத்த ஊருக்கு பைக்கில் ஓடுவார். (ஐயர் என்றால் இங்கே சாதியில்லை. தென் மாவட்டங்களில் சி.எஸ்.ஐ. போதகரை அப்படித்தான் கூப்பிடுவோம். அவர் மனைவி ஐயரம்மா.)

சென்னையிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கிற பிள்ளைகள் அந்த நாட்களில் ஊருக்கு வந்து இறங்குவார்கள். ஐயர் வீட்டுப் பிள்ளைகள்தான் ஆச்சி வீட்டுக்குப் போகமுடியாது. ஐயரம்மா பெண்கள் ஐக்கிய சங்கத்தைப் பார்க்கவேண்டும். கல்யாணத்தோடு சேர்ந்து வந்த பொறுப்பு அது. மகன் பாடகர் குழுவில், மகள் ஓய்வுநாள் பள்ளியில். சம்பளப் பட்டியலில் ஒரு பெயர், வேலைக்கு நாலு பேர்.

ஒருவர் கடவுளுக்குக் கொடுத்த வாக்கு, அதைக் கொடுக்காத இன்னொருவரைக் கட்டுமா?

'இதென்ன பெரிய விஷயம், எல்லாத் தொழிலிலும் உள்ளதுதானே' என்று கேட்கலாம். தீபாவளிக்குச் சிறப்புப் பேருந்து ஓட்டுகிற டிரைவர் வீட்டிலும் அப்பா இல்லாமல்தான் வெடி வெடிக்கிறார்கள். நர்ஸ் வீட்டிலும் அப்படித்தான். உண்மை. ஆனால் டிரைவரின் மகள் டிப்போவைத் திட்டலாம். 'லீவு குடுக்க மாட்டானா அந்த ஆளு' என்று வாசலில் நின்று கத்தலாம், தெருவே ஆமாம் போடும். ஐயர் மகள் யாரைத் திட்டுவாள்? அவள் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போயிருப்பது மேலதிகாரி இல்லை, ஆண்டவர். வருத்தப்பட்டாலே அவிசுவாசம் ஆகிவிடும். பண்டிகை நாள் கைவிட்டுப் போவதைவிட இதுதான் எனக்குக் கொடுமையாகப் படுகிறது. ஒரு குழந்தையின் சாதாரணமான ஏக்கம், பாவத்தின் பட்டியலில் போய் உட்கார்ந்துவிடுகிறது.

குருமனையில் வளர்ந்த தோழி ஒருத்தி சொன்னாள்: "ஈஸ்டர்னா எனக்கு அப்பாவோட வெள்ளை அங்கிய இஸ்திரி போடுறதுதான் ஞாபகம். திட்டணும்னு தோணும். யார திட்டுறதுன்னுதான் தெரியாது."

இந்தக் குடும்ப அமைப்பு கிறிஸ்தவத்தின் தொடக்கத்திலிருந்தே இன்றிருக்கும் வடிவில் இருந்ததில்லை. பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போது, மணமானவன் மனம் மனைவிக்கும் ஆண்டவருக்கும் இடையே பிளவுபடும் என்று நேராகவே எச்சரிக்கிறார். கத்தோலிக்கத் திருச்சபை அதைக் குருவின் துறவாக மாற்றிக்கொண்டது. சீர்திருத்தம் அதை மறுத்தது. 1525இல் மார்ட்டின் லூதர், மடத்தை விட்டு வெளியேறிய கத்தரீனா ஃபான் போராவை மணந்தார். விட்டன்பர்கில் அவர்கள் வீடு முன்னாள் மடாலயம்தான். மாணவர்களும் விருந்தினரும் நிறைந்து கிடந்தது. லூதரின் மேசைப் பேச்சுகளைக் குறித்துவைத்தவர்கள் பலர். அந்த மேசைக்குச் சோறு வந்தது கத்தரீனாவின் தோட்டத்திலிருந்தும் மாட்டுத் தொழுவத்திலிருந்தும். பீர்கூட அவர் காய்ச்சியதுதான். போதகர் இல்லம் என்கிற முன்மாதிரி அங்கே உருவாகிறது. பவுல் சொன்ன பிளவு அதனால் தீர்ந்ததாக எனக்குத் தோன்றவில்லை. குருவின் நெஞ்சில் இருந்த சிக்கல் மனைவியின் அடுக்களைக்கு இடம் மாறியது, அவ்வளவுதான்.

ஏலியின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். சீலோவின் ஆசாரியன். அவன் பிள்ளைகள் ஓப்னியும் பினெகாசும் பலி இறைச்சியை அபகரித்தார்கள். பிள்ளைகளை அடக்கவில்லை என்று தகப்பன் மேல் தீர்ப்பு வருகிறது. பிரசங்கங்களில் இதை வைத்துக் குருக்களின் வீட்டைத்தான் மிரட்டுவார்கள். ஆண்டு முழுக்க ஊராரின் பலிகளுக்கு நடுவில் வளர்ந்த அந்தப் பையன்களுக்கு வீடு எது, ஆலயம் எது என்று பிரித்துப் பார்க்க ஒரு நாளாவது வாய்த்ததா? வேதத்தில் அதற்குப் பதிலில்லை. கேள்வி என்னுடையது.

மறுபக்கமும் உண்டு, அதைச் சும்மா தள்ளிவிட முடியாது. சாவு வீட்டில் என்ன பேசக்கூடாது என்று பத்து வயதிலேயே தெரிந்த பிள்ளைகள் குருமனைப் பிள்ளைகள். பசி என்று வந்தவரிடம் சாதி கேட்காமல் இலை போட்டுப் பழகியவர்களும் அவர்களில் உண்டு. என் தோழியும் அந்த நாட்களை யாருக்கும் விட்டுத்தரமாட்டாள். அப்படிக் கிடைத்தது நல்லதுதான். அதற்காக, அவர்களைக் கேட்காமல் எடுத்துக்கொண்டது சரியாகிவிடாது.

நெல்லைத் திருமண்டலத்தின் வேர் ஆங்கிலிக்க மிஷன்களில் இருக்கிறது. 1662ஆம் ஆண்டு ஆங்கிலிக்க ஜெபப் புத்தகத்தின் குருப்பட்ட முறைமையில் பேராயர் வேட்பாளரிடம் ஒரு கேள்வி கேட்கிறார். உன்னையும் உன் குடும்பத்தையும் கிறிஸ்துவின் போதனைப்படி உருவாக்குவாயா என்பது அதன் சாரம். பதில் சொல்வது அவர் ஒருவர்தான். குடும்பம் கேள்விக்குள்ளேயே இருக்கிறது, ஆனால் அதனிடம் யாரும் கேட்பதில்லை.

எனக்குத் தெரிந்த ஓர் ஐயரின் மனைவி ஒரு வருஷம் பெரிய வெள்ளிக்கு முந்தின நாளே பிள்ளைகளோடு கிளம்பிவிட்டார். ஈஸ்டர் காலையில் வாசலில் கைகுலுக்கியவர்கள் எல்லாரும் விசாரித்தார்கள், அம்மாவைக் காணோமே என்று. "அவ அம்மா வீட்டுக்குப் போயிருக்கா" என்றார் ஐயர். உடம்பு சரியில்லையா என்று ஒருவர் எடுத்துக் கொடுத்தும், "இல்ல, நல்லாத்தான் இருக்கா" என்று சொல்லிவிட்டு பைக்கை எடுத்தார். அடுத்த ஊரில் திருவிருந்துக்குக் காத்திருந்தார்கள்.