உடலை அளத்தல்: விழிப்பா, பற்றா?

நெல்லையும் பருப்பையும் நிறுப்பதற்கென்று இருந்த தராசு, இன்று மனிதரை நிறுக்கும் கருவியாக நம் இல்லங்களுக்குள் வந்துவிட்டது. காலையில் எழுந்ததும் வெறுங்காலுடன் அதன்மேல் ஏறி நிற்கின்றோம். எடை இவ்வளவு, கொழுப்பு இத்தனை விழுக்காடு, தசை இத்தனை விழுக்காடு என்று அது காட்டுகிறது. உடற்பயிற்சி மேற்கொள்ளும் இளையோர் அவ்வெண்களைக் கைப்பேசியில் பதிந்து, ஏறி இறங்கும் கோடாகக் கண்டு மகிழ்கின்றனர். அல்லது மனம் வாடுகின்றனர். இதனைக் காணும் பெரியோர், “உடல் வேறு, உயிர் வேறு என்று கற்ற குடும்பத்தில் பிறந்துவிட்டு, அழியும் உடலை நாள்தோறும் அளந்துகொண்டிருப்பது பற்று அல்லவா?” என வினவுகின்றனர். இளையோரோ, “உடலைப் பேணாமல் எந்த அறத்தைச் செய்ய இயலும்?” என்று திருப்பிக் கேட்கின்றனர்.

இரு தரப்பாரின் கூற்றிலும் உண்மை உண்டு. ஆயினும் இருவரும் கேளாத வினா ஒன்று எஞ்சி நிற்கிறது. அளந்து பெற்ற எண்ணைக் கொண்டு நாம் என்ன செய்கின்றோம் என்பதே அது. அதனைச் சற்று ஆராய்வோம்.

அளந்தவர் வரலாறு

தம் உடலைத் தாமே இடைவிடாது நிறுத்துப் பார்த்தவர்களுள் முன்னோடி, இத்தாலி நாட்டுப் பதுவா பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பேராசிரியராக விளங்கிய சாந்தோரியோ என்பவர். துலாக்கோலில் தொங்கவிட்ட நாற்காலியில் அமர்ந்து தம்மையும், தாம் உண்ட உணவையும், உடல் கழித்தவற்றையும் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நிறுத்து வந்தார். உண்டதற்கும் கழித்ததற்கும் கணக்கு ஒத்துவரவில்லை. எஞ்சியது கண்ணுக்குப் புலப்படாமல் உடலிலிருந்து வெளியேறுகிறது என்று அவர் முடிவு செய்து, 1614இல் நூலாக வெளியிட்டார். நாம் இழக்கும் கொழுப்பில் பெரும்பகுதி மூச்சுக்காற்றின் வழியாகவே வெளியேறுகிறது என்பதை இன்றைய அறிவியலும் கூறுகிறது. பத்துக் கிலோ கொழுப்பு முழுதும் எரிந்தால், ஏறத்தாழ 8.4 கிலோ கரியமில வாயுவாகவும் 1.6 கிலோ நீராகவும் மாறிவிடுகிறது. சாந்தோரியோ அறிய விரும்பி அளந்தார். தம்மை மெச்சிக்கொள்ளவோ நொந்துகொள்ளவோ அளக்கவில்லை.

அடுத்து வந்தவர் பெல்ஜியம் நாட்டு அறிஞர் அடால்ஃப் கெட்லே. மனிதரின் எடை, உயரத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுகிறது என்பதை அவர் 1832இல் கண்டுரைத்தார். வானியலிலும் புள்ளியியலிலும் வல்ல அவர் தேடியது பெருந்திரளான மக்களின் சராசரியை; தனியொருவரின் நோயையன்று. அவருடைய கணக்கிற்கு, ‘உடல் நிறை குறியீட்டெண்’ என்று இன்று நாம் வழங்கும் பெயரை 1972இல் சூட்டியவர் அமெரிக்க அறிஞர் ஆன்சல் கீஸ். கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் இருமடியால் வகுத்தால் அவ்வெண் கிட்டும். இந்தியர்க்கு 23 முதல் மிகை எடை, 25 முதல் உடற்பருமன் என 2009இல் நம் நாட்டு மருத்துவ வல்லுநர் குழு வரையறுத்தது. கூட்டத்தை அளக்கப் பிறந்த கோல், இவ்வாறு ஒவ்வொருவர் கையிலும் வந்து சேர்ந்தது.

எண் சொல்வதும் சொல்லாததும்

எடை ஒன்றையே நம்பினால் நேரும் பிழையை 1942இல் அமெரிக்கக் கடற்படை மருத்துவர் ஆல்பர்ட் பென்கே எடுத்துக்காட்டினார். உயர எடைப் பட்டியலின்படி ‘மிகை எடையினர்’ எனத் தள்ளத்தக்க கால்பந்தாட்ட வீரர்களை அவர் நீருக்குள் நிறுத்துப் பார்த்தார். கொழுப்பு நீரினும் அடர்த்தி குறைந்தது. தசையும் எலும்பும் நீரினும் அடர்த்தி மிக்கவை. வீரர்களின் மிகை எடைக்குக் காரணம் கொழுப்பன்று, தசையே என்பது தெளிவாயிற்று.

இதன் மறுபக்கம் நம் நாட்டினர்க்கு நெருக்கமானது. புணே நகர மருத்துவ அறிஞர் யாஜ்னிக், இலண்டன் மருத்துவ அறிஞர் யுட்கின் ஆகிய இருவரின் அளவுகளும் 2004இல் ‘லான்செட்’ இதழில் வெளியாயின. இருவருக்கும் குறியீட்டெண் ஒன்றே: 22.3. ஆயினும் ஆங்கிலேயர் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, இந்தியர் உடலில் 21.2 விழுக்காடு. மெலிந்து காணப்படும் நம் மக்களிடையே நீரிழிவு மிகுந்திருப்பதன் காரணங்களுள் ஒன்று இங்கே புலப்படுகின்றது. ‘நான் ஒல்லி, எனக்கு ஒன்றும் வராது’ என்னும் நம்பிக்கை எவ்வளவு மெலிந்தது என்பதை இவ்விரு எண்களும் உணர்த்துகின்றன.

எளிய கணக்கு ஒன்று காண்போம். எழுபது கிலோ எடையுள்ள ஒருவர் உடலில் கொழுப்பு 30 விழுக்காடு எனக் கொள்வோம். கொழுப்பு 21 கிலோ, ஏனையது 49 கிலோ. அவர் ஆறு திங்கள் நடந்தும், பளு தூக்கியும், அளவறிந்து உண்டும் வந்தார். எடை 69 கிலோ; கொழுப்பு 26 விழுக்காடு. அதாவது கொழுப்பு ஏறத்தாழ 18 கிலோ, ஏனையது 51 கிலோ. மூன்று கிலோ கொழுப்பு நீங்கி, இரண்டு கிலோ வலிமை சேர்ந்திருக்கிறது. தராசு சொல்வதோ ‘ஒரு கிலோ’ மட்டுமே. அதே எடையுள்ள மற்றொருவர் பத்து நாள் பட்டினி கிடந்து 66 கிலோவாக இறங்குகின்றார். கொழுப்பு விழுக்காடு மாறவில்லை. அவர் இழந்த நான்கு கிலோவில் கொழுப்பு 1.2 கிலோ, எஞ்சிய 2.8 கிலோ நீரும் தசையும். தராசு பாராட்டுவது இரண்டாமவரை! நன்கு உழைத்தவர் மனம் தளர்ந்து பயிற்சியைக் கைவிடுவதும், உடலை வாட்டியவர் பெருமிதம் கொள்வதும் இவ்வாறே நிகழ்கின்றன.

கொழுப்பைக் காட்டும் வீட்டுக் கருவியையும் அளவறிந்தே நம்புதல் வேண்டும். அது உள்ளங்கால் வழியே மிகச் சிறிய மின்னோட்டத்தைச் செலுத்துகிறது. நீர் மிகுந்த தசை மின்சாரத்தை எளிதில் கடத்தும், கொழுப்பு தடுக்கும். அத்தடையைக் கொண்டு கருவி மதிப்பிட்டுச் சொல்கின்றதேயன்றிக் கொழுப்பை நேரே அளப்பதில்லை. குடித்த நீர், உண்ட உப்பு, சிந்திய வியர்வை ஆகிய அனைத்தும் எண்ணை மாற்றும். ஒரே நாளில் எடை ஒரு கிலோவுக்கு மேல் ஏறி இறங்குவதும் இயல்பே. ஆகவே ஒரே வேளையில், ஒரே நிலையில் அளந்து, வாரங்களின் போக்கை நோக்குவதே அறிவுடைமை. நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்டு கலங்குவது, கடல் அலையைப் பார்த்து நீர்மட்டம் உயர்ந்தது என்று அஞ்சுவது போன்றதாகும்.

இங்கே வாய்மைக்கும் ஒரு சோதனை உண்டு. குறைந்த எண் காட்டும் வேளை பார்த்து ஏறுவதும், அதிகம் காட்டிய நாளைக் குறிக்காமல் விடுவதும் பலரிடம் காணப்படும் வழக்கம். வணிகத்தில் குறைத்தும் மிகுத்தும் அளப்பதைக் கள்ளாமை விரதத்தின் அதிசாரங்களுள் ஒன்றாக நம் முன்னோர் எண்ணினர். பிறரை ஏமாற்றும் கள்ள அளவையே குற்றமெனில், தம்மைத் தாமே ஏமாற்றும் அளவையால் யாருக்கு ஊதியம்?

மதிப்பெண்ணும் மதிப்பும்

ஆசிரியப் பயிற்சியில் நாம் கற்ற முதற்பாடங்களுள் ஒன்று, தேர்வு மாணவர்க்கு மட்டுமன்று, ஆசிரியர்க்கும் உரியது என்பதாகும். கணக்கில் முப்பது மதிப்பெண் பெற்ற சிறுவனிடம், அடுத்து எதை மீண்டும் கற்பிக்க வேண்டும் என்பதை அம்முப்பது நமக்கு அறிவிக்கிறது. அதை விடுத்து, ‘இவன் முப்பது’ என்று அவனையே எண்ணாக்கிவிட்டால், அன்றோடு அவன் கற்பது நின்றுவிடும். பல்லாண்டு வகுப்பறைகளில் நாம் கண்ட உண்மை இது. முதலாவது சோதனை, இரண்டாவது தீர்ப்பு.

உடலின் எண்ணையும் நாம் தீர்ப்பாகவே படித்துவருகின்றோம். திருமண வீடுகளில் நலம் விசாரிப்பதற்கு முன்பே, ‘என்ன, இப்படிப் பருத்துவிட்டாய்?’ என்று கேட்கின்றோம். பெண் பார்க்கும் இடத்தில் குணத்திற்கு முன் உடலை எடை போடுகின்றோம். குருதிச் சோகையால் மெலிந்த பெண்ணை ‘கொடி போல் இருக்கிறாள்’ எனப் புகழ்கின்றோம். நம் புகைவண்டி நிலையங்களில் இருந்த எடை இயந்திரம், காசு போட்டால் ஒருபுறம் எடையும் மறுபுறம் குணமும் பலனும் அச்சிட்ட அட்டையைத் தந்ததை மூத்தோர் நினைவிற்கொள்வர். அதனை விளையாட்டாக எண்ணிச் சிரித்தோம். எடையைக் கொண்டு குணம் கூறும் அவ்வேலையை இன்று நாம் நம் வீட்டுக் குழந்தைகளிடம் சிரிக்காமலே செய்கின்றோம். சொல்லாலும் துன்புறுத்தாமை நம் முதல் அறம். உணவின் முன் கூனிக் குறுகி அமரும் ஒரு பதின்பருவப் பெண்ணின் மனத்தில் நம் சொல் இட்ட புண்ணை எந்தக் கருவி அளக்கும்?

நோன்பும் எடையும்

‘இவ்வாண்டு நோன்பில் மூன்று கிலோ குறைந்தேன்’ என்று மகிழ்வோடு கூறுவோரும் உளர். எடை குறைந்ததில் குற்றமில்லை. ஆனால் நோன்பின் நோக்கம் கிலோவாக இருந்தால், அது உணவுக் கட்டுப்பாடு என்னும் பெயருக்கே உரியது. தவம் என்னும் பெயருக்கு உரியதன்று. பற்றைத் தளர்த்தும் கருவியாகிய பட்டினியால் தோற்றத்தின் மீதுள்ள பற்றை வளர்த்துக்கொள்வது முரண் அன்றோ? நோன்பு முடிந்தபின் தராசில் ஏறாதிருப்பது, அந்நோன்பின் ஒரு பகுதியாகவே இருக்கட்டும்.

எதை அளப்பது?

அளவே வேண்டா என்பது நம் முடிவன்று. வயது ஏற ஏறத் தசை தேய்கிறது. எடை மாறாதிருக்கும்போதே உள்ளே தசை குறைந்து கொழுப்பு கூடலாம். இதனை விதியென்று விட்டுவிடத் தேவையில்லை. 1990இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகர முதியோர் இல்லம் ஒன்றில், சராசரி 90 வயதுடைய நலிந்த முதியோர் எட்டு வாரம் கால்களால் பளு தூக்கிப் பயின்றனர். அவர்தம் கால் வலிமை சராசரியாக 174 விழுக்காடு உயர்ந்தது. நம்மில் எழுபதைக் கடந்தோர் இதனை மனத்தில் இருத்தல் நன்று.

இடுப்பைச் சுற்றி ஓர் அளவுநாடா போதும். ஆடவர்க்கு 90 சென்டிமீட்டரும் பெண்டிர்க்கு 80 சென்டிமீட்டரும் இந்தியர்க்கு வகுத்த எல்லை. கைகளை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடிகிறதா என்று பார்க்கலாம். சென்ற ஆண்டு பொன்னூர் மலைப் படிகளில் மூன்று இடங்களில் அமர்ந்து ஏறியவர், இவ்வாண்டு ஓரிடத்தில் மட்டும் அமர்ந்து ஏறினால், அதனினும் சிறந்த அளவு எது?

எண்ணைக் கண்டதும் மனத்தில் எழுவது ‘இனி என்ன செய்யலாம்?’ என்னும் வினாவாயின், அளத்தல் விழிப்பு. ‘நான் எத்தகையவன்?’ என்னும் தீர்ப்பாயின், அது பற்று. எண் குறைந்ததனால் வரும் செருக்கும், கூடியதனால் வரும் நாணமும் ஒரே பற்றின் இரு கிளைகள். ஆதலின் வாரம் ஒருமுறை அளப்போம், உள்ளவாறே குறிப்போம், செய்யவேண்டியதைச் செய்வோம். பிறர் உடலை நம் நாவால் எடை போடுவதை இன்றோடு நிறுத்துவோம்.