சக்கரமும் விடுதலையும்

அமெரிக்க எழுத்தாளர் ராபர்ட் ஜோர்டன் 1990-இல் வெளியிட்ட ‘தி ஐ ஆஃப் தி வேர்ல்ட்’ என்னும் நூல், 14 பெருந்தொகுதிகளாக விரிந்து, 2007-இல் அவர் காலமான பின்னர் பிராண்டன் சாண்டர்சனின் கையால் 2013-இல் நிறைவெய்திய ‘தி வீல் ஆஃப் டைம்’ என்னும் மாயக் காவியத்தின் முதற்காண்டமாகும். காலம் ஒரு சக்கரம். யுகங்கள் ஏழும் மாறிமாறிச் சுழல்கின்றன. மாண்ட ஆத்மாக்கள் மீண்டும் பிறக்கின்றன என்று அது கூறக் கேட்டதும், ‘இது நம் வீட்டுச் சரக்கல்லவா!’ என்று நம்மவர் பூரித்துப்போவது இயல்பே. ஆயினும் சக்கரம் ஒன்றாயிருப்பதனாலேயே சித்தாந்தமும் ஒன்றாகிவிடாது.

கதையின் தொடக்கத்தில் வரும் கிராமத்திலும், அங்கிருந்து இளைஞர்கள் தப்பியோடும் வழியிலும் ஆங்கில எழுத்தாளர் டால்கியனின் சாயல் அப்பட்டமாகத் தெரிகிறது. அதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நூலின் தனிச்சிறப்பெல்லாம் அதன் முகப்பிலேயே இருக்கிறது. இடிந்து சிதைந்த அரண்மனையில், சித்தப்பிரமை பிடித்த லூஸ் தெரின் என்னும் மாவீரன், தன் மனைவி இலியேனாவைப் பெயர் சொல்லி அழைத்தவாறு அலைகிறான். அவளோ அவன் கையாலேயே கொலையுண்டு, அவன் காலடியிலேயே கிடக்கிறாள். குழந்தைகளும் அவ்வாறே மாண்டுவிட்டனர். அப்போது அங்கு வரும் பகைவன் எலான் மொரின் அவனைக் கொல்லவில்லை. அவனுடைய பித்தத்தைத் தெளிவிக்கிறான். அஞ்ஞானம் நீங்கினால் விடுதலை என்று நம் சாத்திரங்கள் உறுதி கூற, இங்கோ தெளிந்த அறிவே கொடிய தண்டனையாகிறது. செய்ததை உணர்ந்த அக்கணமே அவன் அங்கிருந்து அகன்று, தாங்கவொண்ணாத சக்தியைத் தன்மேல் ஈர்த்துத் தன்னையே எரித்துக்கொள்கிறான்; அவன் மாண்ட இடத்தில் பூமி பிளந்து ஒரு மலை எழும்புகிறது.

நெடுங்காலம் கழிந்தபின், ஆறாம் அத்தியாயத்தில், காயம்பட்ட தந்தை டாமைப் பழைய வண்டியின் ஏர்க்கால்களில் போர்வை கட்டிக் கிடத்தி, இருட்டில் காட்டுவழியே இழுத்துச் செல்கிறான் ராண்ட் என்னும் குடியானவச் சிறுவன். ஜுரவேகத்தில் தந்தை பிதற்றுகிறார்: போர் முடிந்த மலைச்சரிவில், பனியினிடையே, இறந்துகிடந்த தாயின் அருகே, குளிரில் நீலம் பாரித்து அழுத சிசு ஒன்றைக் கண்டெடுத்த கதை அது. தான் அவர் பெற்ற பிள்ளையல்லன் என்ற ஐயம் ராண்டின் உள்ளத்தில் விழுகிறது. அம்மலை எது என்பது மேலே படிப்பவர்க்குத் தானே விளங்கும்.

சாவினால் சக்கரத்தினின்று தப்ப நினைத்தவன் அதே மலையில் பிறக்கிறான். இதைப் பந்தம் என்பதா, கிருபை என்பதா? முன்வினையின் நினைவைத் துடைத்துவிட்டுப் பிறப்பை மட்டும் மீண்டும் அளிப்பது கிருபையின்பாற்பட்டதென்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அக்கிருபைக்கு முடிவு என்று ஒன்று இல்லை. பிறவிப் பெருங்கடலைக் கடந்து கரையேறுதலே நம் நாட்டுச் சமயங்கள் பலவற்றுக்கும் பரம புருஷார்த்தம். ஜோர்டனின் உலகிலோ சுழற்சி ஒழிய வேண்டுமென்று விரும்புவது இருளின் தரப்பு ஒன்றுதான். ஒளிக்கும் இருளுக்குமான போர் ஆதிமுதல் நடப்பதென்றும், காலமே மாண்டு இருள் வெல்லும்வரை நடக்குமென்றும் எலான் மொரின் முகப்பிலேயே கொக்கரிக்கிறான்.

இதனால் விடுதலை நாடும் முமுட்சுவும் இருளின் தரப்பிலுள்ள அரக்கனும் ஒன்றே என்று கொள்வது பெரும்பிழை. முமுட்சு தான் ஒருவன் மட்டுமே விலகுகிறான். அவன் விட்டுச்சென்ற சக்கரம் ஏனையோர்க்காகச் சுழன்றுகொண்டேயிருக்கும். அரக்கனோ எல்லோருக்குமாகச் சேர்த்து அதை உடைக்கத் துணிகிறான். பிறர் பிறந்து, பிழைத்து, திருந்துவதற்கான வாய்ப்பையே பறிப்பது அது. இவ்வேற்றுமையை ஜோர்டன் நன்குணர்ந்து எழுதியிருக்கிறார். ஆனால் விலகுதற்குரிய வாயிலை மட்டும் அவர் அமைக்கவேயில்லை.

ஊழைப் பற்றிய இடத்தில்தான் நூல் தடுமாறுகிறது. லோயல் என்னும் நெடியவன், சில மனிதர்களைச் சுற்றியே ஏனையோர் வாழ்க்கை இழைகள் நெய்யப்படுகின்றன என்றும், சிறு விருப்பங்களுக்கு அந்நெசவு இடங்கொடுக்கும், பெரியவற்றுக்குக் கொடாது என்றும் ராண்டுக்கு விளக்குகிறான். எது சிறிது, எது பெரிது என்று வரையறுப்பவர் யார்? ஊழுக்கு ஓர் அதிகாரமும் ஆள்வினைக்கு ஓர் அதிகாரமும் வகுத்த வள்ளுவரைப் படித்தவர்க்கு இவ்விடை போதாது.

அக்குறை இருப்பினும், படிக்கத்தக்க நூல் இது. 14 தொகுதிகளுக்கு அவகாசமில்லாதவர்கள் முகப்பையும் ஆறாம் அத்தியாயத்தையுமாவது அடுத்தடுத்து வைத்துப் படித்துப் பார்க்கட்டும்.