ஓராண்டுக் கடன்

2024ஆம் ஆண்டு ஜூன் 24. மாலை 5 மணிக்குள் 17,500 ரூபாய் கட்டியாக வேண்டும். கட்டினால் தன்பாத் ஐஐடியில் மின்பொறியியல் இடம் உறுதி. உத்தரப் பிரதேசத்து முசாபர்நகர் மாவட்டத்தில், தினக்கூலிக்குப் போகும் ஒரு தலித் தந்தை ஊராரிடம் கேட்டு அந்தத் தொகையைப் புரட்டி முடித்தபோது நேரம் நெருங்கிவிட்டது. விவரங்களை ஏற்றி முடிப்பதற்குள் இணையதளம் அடைத்துக்கொண்டது. பையன் தேர்வில் வென்றிருந்தான். மீண்டும் எழுத அவனுக்கு வாய்ப்பும் இல்லை. சென்னை உயர்நீதிமன்றம் வரை வந்து அலைந்தான். கடைசியில் செப்டம்பர் 30 அன்று உச்ச நீதிமன்றம் அரசமைப்பின் 142ஆம் பிரிவைக் கையில் எடுத்து, கூடுதல் இடம் ஒன்றை உண்டாக்கி அவனைச் சேர்க்கச் சொன்னது.

தீர்ப்பை எல்லோரும் கொண்டாடினார்கள். கொண்டாட வேண்டியதுதான். ஆனாலும் மனம் ஆறவில்லை. ஒரு பிள்ளையின் படிப்புக்காகத் தலைமை நீதிபதியின் அமர்வு வரை போக வேண்டியிருந்தது என்றால், தில்லிக்கு வண்டியேற வழியில்லாத எத்தனை பேர் பேசாமல் வீடு திரும்பியிருப்பார்கள்? அவர்களுக்கும் முன்னால், நல்ல பள்ளியும் பயிற்சியும் வாய்க்காமல் சில மதிப்பெண்ணில் தவறிப்போனவர்களின் கணக்கு யாரிடம் இருக்கிறது?

வசதியற்ற குடும்பத்திலிருந்து வந்து, தகுதிக்கோட்டுக்குச் சற்றுக் கீழே நிற்கும் மாணவரை ஓர் உயர்கல்வி நிறுவனம் திருப்பி அனுப்பலாமா, அல்லது ஓராண்டு வைத்துச் சொல்லிக்கொடுத்துச் சேர்த்துக்கொள்ள வேண்டுமா என்பதே கேள்வி. சேர்த்துக்கொள்வதே அறம். அந்த ஓராண்டின் செலவும் நிறுவனத்தின் பொறுப்பாகவே இருக்க வேண்டும். பன்னிரண்டு ஆண்டுகள் ஒழுங்கான பள்ளியைக் கொடுக்கத் தவறிய சமூகம் அந்தப் பிள்ளைக்குப் பட்டிருக்கும் கடன் அது.

நம் நாட்டிலேயே இதற்கு ஒரு வழி இருக்கிறது. ஐஐடிகளில் ஆயத்த வகுப்பு என்று ஒன்று நெடுங்காலமாக நடக்கிறது. ஜேஇஇ அட்வான்ஸ்டு தேர்வில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்குப் பொதுப் பட்டியலின் கட்-ஆஃபில் பாதி போதும். அப்படியும் இடங்கள் நிரம்பாவிட்டால், அதிலும் பாதி எடுத்தவர்களுக்குத் தனித் தரவரிசை உண்டு. அவர்கள் ஓராண்டு இயற்பியல், வேதியியல், கணிதம், ஆங்கிலம் படித்துத் தேறினால், மறுபடி நுழைவுத்தேர்வு எழுதாமலே மறு ஆண்டு பி.டெக் வகுப்பில் உட்காரலாம். மாற்றுத்திறனாளிகளுக்கும் இந்த வழி திறந்திருக்கிறது. பிளஸ் டூ வகுப்பில் இதைச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்கள்தான் அரிது.

சேர்க்கைக் காலத்தில் திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் ஒரு காலைப் பொழுது நின்று பார்த்தால் ‘விண்ணப்பம்’ என்ற சொல்லின் எடை தெரியும். காட்டாக்கடைக்கு அப்பால் மலையோரத்திலிருந்து வரும் பேருந்திலிருந்து ஒரு தாயும் மகளும் இறங்குகிறார்கள். மகள் கையில் பிளாஸ்டிக் உறை. உள்ளே எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ். அட்சயா மையத்தில் விண்ணப்பம் ஏற்றுகிறவர், இரண்டு சான்றிதழிலும் பெயர் வேறு வேறாக எழுதியிருப்பதைச் சுட்டிக் காட்டுகிறார். ஓர் எழுத்துதான். ஆனாலும் வில்லேஜ் ஆபீசுக்குப் போய்த் திருத்தி வர வேண்டும். இன்றைய கூலி போயிற்று, நாளையதும் போகும். பக்கத்தில், பத்மநாபசுவாமி கோயில் குளத்தருகே, மேத்தன் மணி என்ற கடிகாரத்தில் இரண்டு ஆடுகள் மணிக்கு மணி ஒரு மனித முகத்தின் கன்னத்தில் முட்டுகின்றன. அது எல்லோருக்கும் ஒரே நேரத்தைத்தான் அடிக்கிறது. அந்த ஒரு மணி நேரத்துக்கு இந்தத் தாய் கொடுக்கும் விலையை, மகனைக் கோச்சிங் சென்டர் வாசலில் காரில் இறக்கிவிடும் தந்தை கொடுப்பதில்லை.

நம் அறநூல்கள் இந்த வழக்கில் யார் பக்கம் என்பதில் ஐயமில்லை. மேற்குடியில் பிறந்தும் கல்லாதவர், கீழ்க்குடியில் பிறந்து கற்றவரின் பெருமைக்கு ஈடாக மாட்டார் என்றார் வள்ளுவர். பிச்சையெடுத்தாவது கற்க வேண்டும் என்றார் அதிவீரராம பாண்டியர். கோயில் கட்டுவதைவிட ஓர் ஏழைக்கு எழுத்தறிவிப்பதே பெரும் புண்ணியம் என்று பாடினார் பாரதி. புறநானூற்றில் ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன், தான் அரசனாக இருந்தும், கீழே வைக்கப்பட்டவன் கற்றால் மேலே இருப்பவனும் அவனைப் பணிந்து கேட்பான் என்றான். அந்தப் பாட்டின் உயிர் ‘கற்றால்’ என்ற நிபந்தனையில் இருக்கிறது. கீழே வைக்கப்பட்டவன் தானாகவே கற்றுக்கொண்டு வரட்டும் என்று மற்றவர்கள் கைகட்டி நிற்பதற்கு அந்தப் பாட்டு இடம் கொடுக்கவில்லை. கற்பிக்கிறவர் இருந்தால்தானே அந்த நிபந்தனை நிறைவேறும்?

நன்னூலில் பவணந்தியார் நல்லாசிரியருக்கு நிலத்தையும் மலையையும் துலாக்கோலையும் மலரையும் உவமை சொன்னார். பாடம் சொல்லத் தகாதவர்கள் என்று அவர் தந்த பட்டியலில் ‘ஏழை’ என்றும் ஒரு சொல் வருகிறது. பழைய வழக்கில் அச்சொல் அறிவற்றவனைக் குறித்தது; இன்று பணமில்லாதவனைக் குறிக்கிறது. சொல்லின் பொருள்தான் மாறியது. பணமில்லாதவனுக்கு அறிவும் இருக்காது என்று எண்ணும் பழக்கம் சேர்க்கைக் குழுக்களிலிருந்து இன்னும் போகவில்லை. நிலத்தின் பொறுமை ஆசிரியருக்கு வேண்டும் என்றால், நீர் பாயாத வயலிடம் விளைச்சலைக் கேட்காமல் முதலில் நீர் பாய்ச்சுகிற பொறுமையும் அதில் அடங்கும்.

கிழக்கேகோட்டையில் விழிஞ்ஞம் பக்கம் போகும் பேருந்தில் ஏறினால் அய்யங்காளி பிறந்த வெங்ஙானூர் வந்துவிடும். எழுதப் படிக்கத் தெரியாத அந்த மனிதர்தான் தம் புலையர் சமூகப் பிள்ளைகளின் பள்ளிக்காகத் தெருவில் நின்றார். 1910இல் பஞ்சமி என்ற சிறுமியை ஊருட்டம்பலம் பள்ளிக்குக் கைபிடித்து அழைத்துப் போனார். சேர்க்கலாம் என்று அரசாணை இருந்தது. ஆணை இருந்தும் பள்ளிக்கூடத்தைக் கொளுத்தினார்கள். தங்கள் பிள்ளைகள் பள்ளியில் நுழையும் வரை வயலில் இறங்க மாட்டோம் என்று உழைப்பாளிகள் வேலையை நிறுத்தினார்கள். 1936 நவம்பர் 12 அன்று கோயில் நுழைவுப் பிரகடனம் வந்தது. இரண்டு மாதம் கழித்து, 1937 ஜனவரியில், காந்தியடிகள் வெங்ஙானூர் வந்தபோது அய்யங்காளி சொன்ன ஆசை, கண்ணை மூடுவதற்குள் தம் சமூகத்தில் பத்து பி.ஏ.க்களைப் பார்க்க வேண்டும் என்பது. கோயில் திறந்துவிட்ட பிறகும் அவர் மனம் கல்லூரி வாசலில்தான் நின்றது.

அதிக மதிப்பெண் எடுத்தும் இடம் கிடைக்காத பிள்ளையின் வேதனையும் வேதனைதான்; அதை எள்ளக் கூடாது. ஆனால் இருவரும் ஒரே கோட்டிலிருந்து ஓடவில்லை. ஆயத்த ஆண்டு பட்டத்தைத் தூக்கிக் கொடுப்பதுமில்லை. தேறினால்தான் உள்ளே போக முடியும், உள்ளே போனபின் எல்லோருக்கும் ஒரே தேர்வுதான்.

உள்ளே விட்டுவிட்டுக் கையை உதறிக்கொள்வதும் பாவம்தான். 2015இல் ரூர்க்கி ஐஐடி, மதிப்பெண் குறைவு என்று எழுபதுக்கும் மேற்பட்ட முதலாண்டு மாணவர்களை ஒரே நேரத்தில் நீக்கியது. பெரும்பாலோர் ஒதுக்கீட்டில் வந்தவர்கள். எதிர்ப்பு எழுந்தபின் மறுவாய்ப்புக் கொடுத்தார்கள். மத்தியப் பல்கலைக்கழகங்கள், ஐஐடிகள், ஐஐஎம்களிலிருந்து ஐந்தாண்டுகளில் 13,500க்கும் மேற்பட்ட பட்டியல் சாதி, பழங்குடி, பிற்பட்ட வகுப்பு மாணவர்கள் இடையில் நின்றதாக 2023 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் அரசே சொன்னது. அத்தனை பேரும் பாடம் புரியாமல் நின்றவர்கள் என்று சொல்ல முடியாது. கடன், தனிமை, அவமானம் என்று காரணங்கள் பல. முதல் ஆண்டிலேயே அருகில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க ஒருவர் இருந்திருந்தால் அவர்களில் ஒரு பகுதியாவது நிலைத்திருப்பார்கள்.

இங்கிலாந்தின் பழம்பெரும் பல்கலைக்கழகங்களே அண்மை ஆண்டுகளில் இந்த ஆயத்த ஆண்டு வழிக்கு வந்தன. ஆக்ஸ்போர்டின் லேடி மார்கரெட் ஹால் கல்லூரி 2016இல் இப்படி ஓர் ஆண்டைத் தொடங்கியது. கேம்பிரிட்ஜ் 2022இல் தொடங்கியது. 2023இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அளவிலேயே தொடங்கியது. அங்கெல்லாம் மாணவரிடம் கட்டணம் வாங்கவில்லை. தங்குமிடத்துக்கும் அன்றாடச் செலவுக்கும் உதவித்தொகை கொடுத்தார்கள். கூலி வீட்டுப் பிள்ளைக்கு ஓராண்டு என்பது ஓராண்டுச் சம்பாத்தியம். அதை அறிந்து கொடுப்பதுதான் கொடை.

கேரளத்தில் 2024 ஜூலையில் நான்காண்டுப் பட்டப்படிப்பு தொடங்கியது. பாடத்திட்டத்தையே பிரித்து மறுபடி கட்டத் துணிந்தவர்களுக்கு, மலையோரத்திலிருந்தும் கடலோரத்திலிருந்தும் வரும் பிள்ளைகளுக்காக முன்னால் ஓர் ஆயத்த ஆண்டு வைப்பது ஆகாத காரியமா? தமிழ்நாட்டில் 2020இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு இடம் ஒதுக்க மனம் வந்தது. அந்த மனம் ஆயத்த ஆண்டு வைக்கவும் வர வேண்டும். ஆசிரியர்களே, பிளஸ் டூ தேர்வுக்கு முன்பே வகுப்பில் சாதிச் சான்றிதழையும் வருமானச் சான்றிதழையும் எடுத்து வரச் சொல்லி, பெயரின் எழுத்துகளை ஒப்பிட்டுப் பாருங்கள். சேர்க்கை அதிகாரிகளே, கூலி வீட்டுப் பிள்ளையிடம் அந்த 17,500 ரூபாயை மாலை 5 மணிக்குள் கேட்காதீர்கள்.