மறைப்பும் காப்பும்

மும்பையில் கடலை ஒட்டிய பகுதியில் வாழும் அன்பர் ஒருவர் தமது பழைய காரை விற்க எண்ணினார். கதவின் அடிப்பகுதியில் பெயிண்ட் சிறு கொப்புளங்களாக எழும்பியிருந்தது. டிங்கரிங் பட்டறைக்குச் சென்று, "பட்டி வைத்து மேலே பெயிண்ட் அடித்துவிடுங்கள், வாங்குபவருக்குத் தெரியாமல் இருந்தால் போதும்" என்றார். பட்டறைப் பெரியவர் திருப்புளியால் ஒரு கொப்புளத்தை மெல்லக் குத்தினார். துரு செதில் செதிலாக உதிர்ந்தது. "நான் அடித்துத் தருவேன். ஆனால் அடுத்த மழைக்காலத்தில் அது மீண்டும் எழும்பும்" என்றார் அவர்.

அன்பரின் மனத்தில் ஒரு கேள்வி எழுந்தது. துருவின் மீது பூசினாலும், தூய இரும்பின் மீது பூசினாலும் பெயிண்ட் ஒன்றுதான். ஆயினும் ஒன்று ஏமாற்று, மற்றொன்று பாதுகாப்பு. அவ்வாறாயின் நாம் மேற்கொள்ளும் இன்சொல், பணிவு, கட்டுப்பாடு ஆகிய பூச்சுகள் எந்த வகையைச் சேர்ந்தவை? உள்ளே சினம் இருக்க வெளியே அமைதி காட்டுவது போலித்தனம் ஆகாதா?

நாம் அனைவரும் சிந்திக்க வேண்டிய கேள்வி இது. விடைக்கு இரும்பின் இயல்பையே பார்ப்போம்.

நீரும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்து இரும்பைத் துருவாக்குகின்றன. கடற்காற்றின் உப்பு இதனை விரைவுபடுத்துகிறது. அலுமினியத்தின் மேல் உண்டாகும் ஆக்சைடு, மெல்லிய கவசமாகி அந்த உலோகத்தைக் காக்கிறது. இரும்பின் துருவோ நுண்துளைகள் நிறைந்தது. ஈரத்தை உள்ளே விட்டுக்கொண்டே இருக்கும். தான் தோன்றிய இரும்பைவிட அதிக இடத்தை அடைப்பதால் மேலுள்ள பெயிண்டையும் தள்ளி எழுப்பும். மூடப்பட்ட துரு உறங்குவதில்லை. காண்பார் இல்லாமையால் தடையின்றிப் பரவுகிறது. மறைக்கப்பட்ட குற்றமும் அவ்வாறே.

ஆகவே முதலில் சுரண்ட வேண்டும். கம்பி பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் பளபளப்பான உலோகம் தெரியும்வரை தேய்க்க வேண்டும். துரு தெரிந்த இடத்தோடு நிறுத்தாமல், சுற்றிலும் நல்ல பெயிண்ட் உள்ள இடம் வரை செல்ல வேண்டும். தகடு ஓட்டையாகிவிட்டால் அப்பகுதியை வெட்டியெடுத்துப் புதுத் தகட்டை வெல்டிங் செய்ய வேண்டும்.

இத்துடன் வேலை முடிந்தது என்று எண்ணுவோர் பலர். உண்மையில் அபாயம் மிகுந்த நேரம் இதுவே. பளிச்சென்ற வெறும் இரும்பு, ஈரக்காற்றில் சில மணி நேரத்திலேயே மீண்டும் துரு ஏறத் தொடங்கும். வியர்வை படிந்த கையால் தொட்டாலும் கேடுதான். அதனால் தின்னரால் துடைத்து, அன்றே பிரைமர் பூசிவிட வேண்டும். துத்தநாகம் மிகுந்த பிரைமரில் ஒரு சிறப்பு உண்டு: இரும்புக்கு முன்னால் துத்தநாகம் தன்னை அரித்துக்கொண்டு இரும்பைக் காக்கிறது.

"என்னிடம் மறைப்பு எதுவும் இல்லை, மனத்தில் பட்டதை அப்படியே சொல்லிவிடுவேன்" என்று பெருமைப்படுவோர் உண்டு. அது பூச்சற்ற இரும்பின் நிலை. தீய பழக்கம் ஒன்றைக் கண்ணீருடன் கைவிட்டவர் சில நாட்களிலேயே மீண்டும் அதில் விழுவதும் இதனால்தான். காலியான இடத்தில் நற்பழக்கம் ஒன்றை உடனே அமைக்காவிட்டால் பழையது திரும்பிவிடும்.

சினம் தீய்த்துக்கொண்டிருக்க, அதை வளர்த்தபடியே புன்னகைப்பது மறைப்பு. சினத்தைச் சினமென்று ஒப்புக்கொண்டு, அதைத் தேய்த்தபடியே நாவைக் காப்பது காப்பு. இரண்டையும் வேறுபடுத்தி அறிய ஓர் எளிய சோதனை உண்டு. மறைப்பு திருப்புளியைக் கண்டு அஞ்சும். காப்பு அஞ்சாது.

தில்லி மெஹ்ரோலியில் இன்றுள்ள, குப்தர் காலத்தைச் சேர்ந்த இரும்புத் தூண் ஏறத்தாழ 1,600 ஆண்டுகளாக மழையிலும் வெயிலிலும் நிற்கிறது. அதற்கு யாரும் பெயிண்ட் பூசவில்லை. அந்த இரும்பில் கலந்துள்ள பாஸ்பரஸ், மேற்பரப்பில் மெல்லிய காப்புப் படலம் உருவாகத் துணைநிற்கிறது என்று கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியர் பாலசுப்பிரமணியம் ஆராய்ந்து விளக்கினார். வெளியிலிருந்து பூசாமல், உள்ளிருந்தே எழும் காப்பு அது. நல்லொழுக்கம் முதலில் முயன்று பூசப்படுவதாகவே இருக்கும்; நாளடைவில் அதுவே இயல்பாகிவிட வேண்டும்.

அந்த அன்பர் கதவை முறையாகச் சீர்செய்தார். வாங்க வந்தவரிடம் துரு இருந்த இடத்தையும் காட்டினார். விலை சற்றுக் குறைந்தது. அன்றிரவு அவர் நிம்மதியாக உறங்கினார்.