விருந்தோம்பலும் கூலியும்

விருந்தினரை உபசரித்தல் இல்லறத்தார் கடன் என்று கற்று வளர்ந்தவர் நாம். கூலிக்காகச் செய்யும் உபசாரமும் உபசாரமாகுமா?

திண்டுக்கல்லிலிருந்து முதன்முறையாக அமெரிக்கா சென்றபோது, டெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்டன் நகரில் ஓர் உணவகத்திற்குச் சென்றோம். பரிமாற வந்த பெண்மணி முகமலர்ச்சியுடன் நலம் வினவினார். ஊன், முட்டை மட்டுமன்றி வெங்காயமும் பூண்டும் கிழங்கும் உண்ணோம் என்றதும், முகம் சுளிக்காமல் குறித்துக்கொண்டு இருமுறை அடுக்களைக்குச் சென்று கேட்டு வந்தார். முன்பின் அறியாதவர்பால் இத்துணை அன்பா என வியந்தேன்.

உணவு முடிந்ததும், நூற்றுக்குப் பதினைந்து முதல் இருபது வரை அன்பளிப்பு வைப்பது அந்நாட்டு வழக்கம் என்றான் மகன். 'இந்தப் புன்னகை காசுக்குத்தானா?' என்று என் உள்ளம் அவரை உடனே தாழ்த்தியது.

காரணத்தைப் பின்னரே அறிந்தேன். அன்பளிப்புப் பெறும் பணியாளருக்கு முதலாளி நேரே தரவேண்டிய குறைந்த அளவுக் கூலி, அந்நாட்டு மத்தியச் சட்டப்படி 1991 முதல் மணிக்கு 2.13 டாலர்தான். பிறருக்கு அது 2009 முதல் 7.25 டாலர். இடைவெளியை அன்பளிப்பு நிரப்ப வேண்டும். நிரம்பாவிடில் முதலாளி ஈடுசெய்ய வேண்டும். பல மாநிலங்கள் கூடுதலாக விதித்துள்ளன, டெக்சாஸ் விதிக்கவில்லை. அப்பெண்மணியின் அன்பை எடைபோட்ட நான், அவருடைய கூலியே என் கையில் இருந்ததை எண்ணவில்லை.

பொருள் கலந்தால் உபசாரம் மாசுறும் என்பதில்லை. பழனிக்கு மேற்கே, நம் மாவட்டத்து ஐவர்மலையில் கி.பி. 870-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்றுள்ளது. சாந்திவீரக் குரவர் பார்சுவநாதர், இயக்கியர் திருவுருவங்களைப் புதுப்பித்து, தடையற்ற திருவமுதுக்கும் ஓர் அடிகளின் உணவுக்குமாக 505 காணம் பொன் வைத்ததை அது கூறுகிறது. அங்கும் பொன் உண்டு. ஆயின் அது முன்னரே வைக்கப்பட்டது. அடிகளின் சோறு எவருடைய அன்றைய விருப்பு வெறுப்பையும் சார்ந்திருக்கவில்லை.

விதி, பொருள், கொடுப்போர், ஏற்போர் என்னும் நான்கால் தானத்தின் சிறப்பு வேறுபடும் என்கிறது தத்துவார்த்த சூத்திரம். விதி என்பது கொடுக்கும் முறை. நான் கண்ட குறை அப்பெண்மணியின் புன்னகையில் இல்லை. ஒருவர் பிழைப்பை மற்றொருவர் மனப்போக்கில் தொங்கவிடும் முறையில் இருந்தது.

இக்குறை அந்நாட்டுக்கு மட்டும் உரியதன்று. நம் இல்லத் திருமணங்களில் பந்தி பரிமாறுவோர் கடைசியில் உண்கின்றனர். அவர்தம் கூலி ஒப்பந்தக்காரர் பொறுப்பு என்று நாம் வினவுவதும் இல்லை. அதிதிக்குப் பகிர்ந்தளித்தல் சிராவகர் விரதம். பரிமாறும் கை பசித்திருக்கையில் அவ்விரதம் எவ்வாறு நிறைவுறும்? அடுத்த திருமணத்தில் இலை போடுமுன், அவர்கள் உண்டனரா, கூலி பெற்றனரா என்று கேட்போம்.