தொட்டிருப்பதும் ஒன்றாவதும்

பல பொருள்கள் சேர்ந்திருப்பதும் அவை ஒரே பொருளாக இருப்பதும் ஒன்றுதானா? இந்தியத் தருக்க நூலார் தலைமுறை தலைமுறையாக வழக்காடிய கேள்வி இது. உறுப்புகளுக்கு மேலாக ‘அவயவி’ என்னும் முழுப்பொருள் உண்டு என்றது நியாயம். கூட்டத்துக்கு நாம் இட்ட பெயரே முழுமை என்றது பௌத்தம். ஒரு பகுதியைப் பிடித்து இழுத்தால் முழுதும் கூடவே வருகிறது, ஆகவே அவயவி உண்டு என்பது நியாய சூத்திரம் காட்டும் சான்றுகளுள் ஒன்று. வாத்ஸ்யாயனரின் உரையிலேயே அதற்குத் தடை எழுகிறது: புல்லையும் கல்லையும் கட்டையையும் அரக்கால் ஒட்டினால் அவையும் சேர்ந்தே எழும், அங்கே புதிய பொருள் எதுவும் பிறக்கவில்லையே. அந்தத் தடை வலுவானது என்பதே என் கருத்து. அதற்கு இன்றைய உலைக்களம் ஒரு சாட்சி தருகிறது.

சிலேன் வாயுவைச் சிதைத்துச் சூரிய மின்தகடுகளுக்கான சிலிக்கானை எடுக்கும்போது, வேண்டிய மணிகளோடு மிக நுண்ணிய தூளும் சேர்ந்துவிடுகிறது. அதை அப்படியே மூசையில் கொட்டினால் எளிதில் உருகிச் சேராது. வாயு ஓட்டத்தில் பறக்கும். துகள்களுக்கு நடுவிலுள்ள வெற்றிடம் வெப்பத்தைச் சரியாகக் கடத்தாது. இவற்றோடு இன்னொரு தடை, துகளின் தோல். ஒரு சென்டிமீட்டர் கனசதுரத்தை ஒரு மைக்ரான் கனசதுரங்களாக உடைத்தால் துண்டுகள் ஒரு லட்சம் கோடி. 6 சதுர சென்டிமீட்டராக இருந்த புறப்பரப்பு 6 சதுர மீட்டராகிவிடும். காற்றுப் பட்ட அந்தப் பரப்பு முழுவதும் ஆக்சைடு படர்கிறது. சிலிக்கான் 1414 டிகிரி செல்சியசில் உருகும். அந்த ஆக்சைடு உருக 1700 டிகிரிக்கு மேல் வேண்டும். உள்ளே உருகிய துளி தன் உறைக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கலாம். ஆகவே தூளை அச்சிலிட்டு அழுத்தி வில்லையாக்குகிறார்கள். பசை சேர்த்தால் கார்பன் மாசு ஏறும் என்பதால் அழுத்தத்தையே நம்ப வேண்டியிருக்கிறது. அரக்கில்லாத ஒட்டு என்று சொல்லலாம்.

அந்த வில்லை ஒரு பொருளா? கையில் எடுத்தால் முழுதாக வரும். ஆனாலும் உள்ளே ஒவ்வொரு துகளும் தன் தோலோடுதான் இருக்கிறது. அணுக்கள் ஒன்றினுள் ஒன்று புகா என்று மணிமேகலையில் ஆசீவகர் சொல்லும் நிலை அது. பக்கத்தில் இருக்கின்றன, கலக்கவில்லை. அப்படியானால் வில்லை வெறும் பெயர்தானே என்று பௌத்தர் கேட்கலாம். பெயரை உலை அறியாது. தூளுக்கும் வில்லைக்கும் அது வேறு வேறு விதமாக விடை சொல்கிறது: ஒன்று பறக்கிறது, மற்றது வெப்பத்தை வாங்கி உள்ளே கடத்துகிறது. அது வெறும் அடுக்குமுறையின் பயன், புதுப்பொருள் அல்ல என்றால் ஒப்புக்கொள்கிறேன். வில்லையில் அவயவி பிறக்கவில்லை.

உருகும்போதுதான் வழக்கு திரும்புகிறது. சூடேறிய சிலிக்கான் தன் ஆக்சைடுத் தோலோடு வினைபுரிந்து சிலிக்கான் மோனாக்சைடு வாயுவாக வெளியேறுகிறது. தோல் கழல, தன்னிலும் ஒரு பங்கை அது இழக்கிறது. அதன்பின் குழம்பில் எந்தத் துளி எந்தத் துகளுடையது என்று கேட்க இடமே இல்லை. உறுப்பே மெய், முழுமை பெயரளவே என்றவர் எந்த உறுப்பைச் சுட்டினாரோ அந்தத் துகளே அங்கே இல்லை. அணுக்கள் இருக்கின்றனவே என்பார், இருக்கட்டும். ஆனால் துகளும் அணுக்களின் கூட்டமே. வில்லைக்கு மறுத்த மெய்ம்மையைத் துகளுக்கு மட்டும் அவர் எந்த நியாயத்தில் கொடுத்தார்?