காணாத குளிர்

பட்டால்தான் தெரியும் என்று நாம் அடிக்கடி சொல்கிறோம். பிள்ளைகளைக் கண்டிக்கும்போது சொல்கிறோம்; பேச்சைக் கேட்காத தம்பியைப் பற்றிச் சொல்கிறோம்; நம்மைப் பற்றியே சொல்ல வேண்டி வந்தால் கொஞ்சம் பெருமையோடுகூடச் சொல்லிக் கொள்கிறோம். பட்டு அறிந்தவனுக்கு உள்ள மதிப்பு, கேட்டு அறிந்தவனுக்கு இல்லை. "எனக்கு நாற்பது வருஷ அனுபவம்" என்று ஒருவர் சொல்லிவிட்டால் எதிரே இருப்பவர் வாயை மூடிக் கொள்ள வேண்டியதுதான்.

இந்தத் தத்துவத்தின் மேல் எனக்கு வெகு நாளாக ஒரு சந்தேகம். பட்ட பிறகு தெரிந்து கொண்டு பயனில்லாத விஷயங்களும் உலகத்தில் இருக்கின்றனவே, அவற்றை என்ன செய்வது? அனுபவம் வந்து சேர்வதற்குள் ஆளே போய்விடக் கூடிய காரியங்களில் அனுபவம் எப்படி ஆசானாக இருக்க முடியும்? இந்தச் சந்தேகத்துக்கு ஓர் உருவம் கொடுத்தது ஒரு பழைய வேனின் என்ஜின் என்றால் வாசகர்கள் சிரிக்கக் கூடும். சிரித்துவிட்டு மேலே படிக்கலாம்.

காஞ்சீபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகிற வழியில், செய்யாற்றங்கரையில் இருக்கிறது மாகறல். ஞானசம்பந்தர் பாடிய தலம். 2011ஆம் வருஷம் புரட்டாசி மாதத்தில் அங்கே ஓர் உறவினர் வீட்டில் சில நாள் தங்கியிருந்தேன். பட்டு நெசவு செய்யும் மூன்று நான்கு குடும்பத்தார் சேர்ந்து யாத்திரை ஒன்றுக்கு ஏற்பாடு செய்து கொண்டிருந்தார்கள். தீபாவளிக்குக் காசி, அங்கிருந்து ஹரித்துவாரம், குளிர்காலத்துக்காக நடை சாத்துவதற்கு முன்னால் பத்ரிநாதம். பதினோரு பேர். எல்லாரிலும் மூத்த அம்மாளுக்கு எழுபத்து நான்கு வயது. ரயிலை விட்டு வேன் எதற்கு என்று கேட்டேன். "ஏறி இறங்கி எங்களால் முடியாது. வேன் என்றால் வீட்டோடு போகிற மாதிரி" என்றார்கள். போக வர ஆறாயிரம் கிலோமீட்டர்.

அந்த வேன், பஜாஜ் டெம்போக்காரர்கள் புனேயில் செய்த மெட்டடார். இருபது வயது ஆகியிருந்தது. அந்தச் சுற்று வட்டாரத்தில் அது பார்க்காத கல்யாணம் கிடையாது. உடையவரும் நெசவாளர்தான், மூன்று தறி வைத்திருந்தவர். சாலையோரம் ஒரு புளிய மரத்தடியில் கொட்டகை போட்டிருந்த மெக்கானிக்கிடம் அதைக் கொண்டு வந்து விட்டு, "நெடுந்தூரம் போகுது, பாத்து வை" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். எண்ணெய் மாற்றி, பிரேக் பார்த்து, டயருக்குக் காற்று அடித்துக் கொடுத்திருந்தாலே அவருக்குத் திருப்திதான்.

ஆனால் அந்த மெக்கானிக்குக்கு ஒரு வழக்கம் உண்டு. வண்டி எங்கே போகிறது என்று கேட்பார். பத்ரிநாதம் என்றதும் தனக்குத் தெரியாத ஊர் என்பது அவருக்குத் தெரிந்தது. பக்கத்துக் கிராமத்தில் ராணுவத்தில் லாரி ஓட்டி ஓய்வு பெற்ற ஒருவர் இருந்தார். லடாக்கில் பல வருஷம் இருந்தவர். அவரை ஒரு நாள் மாலை அழைத்து வந்து, டீ வாங்கிக் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார். நானும் பக்கத்தில் இருந்தேன்.

"தண்ணி உறையும்போது பெருக்குது தம்பி. இரும்புன்னு பாக்காது. ராத்திரி நல்லா நின்ன வண்டி, காலைல பிளாக்குல விரிசல். என் வண்டியிலேயே நடந்துது, அதுக்கு என்னைக் கூப்பிட்டு வெச்சுக் கேட்டாங்க" என்றார் அவர். தண்ணீர் உறைந்தால் நூற்றுக்கு ஒன்பது பங்கு பெருக்கும். பள்ளிக்கூடத்தில் படித்த சங்கதிதான். ஆனால் அந்த ஒன்பது பங்கு ஒரு வார்ப்பிரும்பைப் பிளக்கும் என்பதை நம்மில் யார் நினைத்துப் பார்த்திருக்கிறோம்? எண்ணெய்த் தொட்டிக்கு அடியில் அடுப்பு மூட்டி என்ஜினைச் சுட வைப்பது, காலையில் தள்ளிவிடச் சௌகரியமாகச் சரிவில் நிறுத்துவது என்று அவர் சொல்லிக் கொண்டே போனார். மெக்கானிக் இடையிடையே கேள்வி கேட்டாரே தவிர, "அப்படியா இருக்கும்?" என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

மறுநாளிலிருந்து மூன்று நாள் வேலை நடந்தது. ரேடியேட்டரைத் திறந்தபோது செங்கல் கரைத்தது போல் தண்ணீர் வந்தது. இருபது வருஷமாகக் கிணற்றுத் தண்ணீரும் குழாய்த் தண்ணீரும் குடித்த ரேடியேட்டர். தெளிகிற வரை கழுவி, பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்து ஊற்றினார். அந்தப் பச்சை நிறத் திரவத்தைச் சரியாகக் கலந்தால் உறைநிலைக்கு முப்பது டிகிரி கீழேயும் உறையாது.

எனக்கு மிகவும் பிடித்தது தெர்மோஸ்டாட் வால்வின் கதை. என்ஜின் சூடாகிற வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுத்து வைப்பதுதான் அந்தச் சின்ன வால்வின் வேலை. நம் ஊரில் வண்டி சூடேறினால் மெக்கானிக்குகள் முதலில் செய்வது அதைக் கழற்றி எறிவது. இந்த மெட்டடாரிலும் என்றோ யாரோ எறிந்திருந்தார்கள். நம் வெயிலில் அது இல்லாவிட்டால் குறையே தெரியாது. குளிர்ப் பிரதேசத்தில் அது இல்லாத என்ஜின் மலை ஏறும்போதுகூடச் சரியாகச் சூடாகாது. வேண்டாம் என்று எறிந்த பொருளைத் தேடி அவர் காஞ்சீபுரம் போய்க் கடை கடையாக ஏறி இறங்கி வாங்கி வந்தார்.

டீசல் என்ஜினுக்குத் தீப்பொறி கிடையாது. உள்ளே வந்த காற்றை இருபதில் ஒரு பங்காக அமுக்கி, அதில் பிறக்கிற சூட்டிலேயே எண்ணெய் பற்றிக் கொள்ள வேண்டும். வெளிக் காற்றே குளிர்ந்து கிடந்தால் அந்தச் சூடு பற்றாது. அதற்காகத்தான் சிலிண்டருக்கு ஒன்றாக நாலு ஹீட்டர் பிளக். கழற்றிப் பார்த்ததில் இரண்டு எரிந்து போயிருந்தன. எப்போது எரிந்தன என்று யாருக்கும் தெரியாது. மாகறல் வெயிலுக்கு மீதி இரண்டே தாராளம். "உடும்பு ஜாதிங்க இது. வெயில் ஏறினாத்தான் நடமாடும்" என்றார் மெக்கானிக். அந்த ஊர்க்காரர் உடும்பைச் சொன்னதில் ஆச்சரியமில்லை. சோழ ராஜா துரத்திய பொன் உடும்பு புற்றில் மறைந்தது, அங்கேதான் சுவாமி வெளிப்பட்டார் என்பது மாகறலின் தல புராணம். லிங்கமே உடும்பின் வால் போலத்தான் இருக்கும்.

எண்ணெயை இன்னும் இளகினதாக மாற்றினார். விறைத்துப் போன ரப்பர் ஹோஸ்களையும் பெல்ட்டையும் மாற்றினார். பாட்டரியின் ஆறு அறைகளிலும் அமிலத்தைச் சோதித்துவிட்டு, புதிது வாங்கச் சொன்னார். குளிரக் குளிரப் பாட்டரியின் வலு குறையும். அதே சமயத்தில் எண்ணெய் கெட்டியாவதால் என்ஜின் கேட்கிற வலு கூடும். ஏறக்குறைய வயோதிகத்தில் வருகிற பணக் கஷ்டம் மாதிரி.

கணக்கு ஏழாயிரம் ரூபாய்க்கு மேல் வந்தது. உடையவர் வந்து பார்த்துவிட்டுக் கத்தினார்.

"இன்னாப்பா இது? நாற்பது வருஷமா வண்டி ஓட்டறேன். தண்ணி ஊத்தித்தான் ஓட்டறேன். கண்ணால காணாத குளிருக்கு ஏழாயிரமா? சாமியைப் பாக்கப் போறோம். சாமி பாத்துக்க மாட்டாரா?"

இதற்குச் சில பேர் 'பக்தி வேறு, இயந்திரம் வேறு' என்று பதில் சொல்லுவார்கள். மெக்கானிக் அப்படிப் பிரிக்கவில்லை. அவரும் கோயிலுக்குப் போகிறவர்தான். புறப்படும் அன்று சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தவரும் அவர்தான். அவர் கேட்டது வேறு.

"அண்ணே, மார்கழியில உங்க வீட்டுத் தேங்காயெண்ணெய் என்ன ஆவுது?"

"உறையுது."

"நம்ம ஊர் மார்கழி ஒரு குளிரா அண்ணே? அதுக்கே எண்ணெய் கல்லாப் போவுது. அங்க டீசல் என்ன ஆவும்னு நீங்களே சொல்லுங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காண்டல், கருதல், உரை என்று மூன்று அளவைகளைச் சைவ சித்தாந்தம் சொல்கிறது. கண்ணால் காண்பது, கண்டதைக் கொண்டு காணாததை ஊகிப்பது, நம்பத்தக்கவர் சொல்லைக் கொள்வது. அந்தக் கொட்டகையில் மூன்றாவதை முதலில் எடுத்துக் கொண்டு, இரண்டாவதால் அதைச் சோதித்து, முதலாவது இல்லாமலே காரியத்தை முடித்திருந்தார் ஒருவர். சுமார் இருபத்து நான்கு டிகிரியிலேயே தேங்காயெண்ணெய் உறையத் தொடங்கும். டீசலிலும் மெழுகு உண்டு. நம் நாட்டு விதிகளிலேயே கோடையில் விற்கும் டீசலுக்கு ஓர் உறையளவும் குளிர்காலத்தில் விற்பதற்கு வேறோர் அளவும் வைத்திருக்கிறார்கள். முன்னதற்குப் பதினைந்து டிகிரி, பின்னதற்கு மூன்று டிகிரி. லடாக்குக்கென்றே மைனஸ் முப்பத்து மூன்று டிகிரியிலும் ஓடுகிற டீசலை இந்தியன் ஆயில் கொண்டு வந்தது 2019இல்தான். ஆகவே, ஊரில் நிரப்பிய டீசலோடு மலை ஏறாமல் அங்கங்கே போட்டுக் கொள்ள வேண்டும் என்று ஒரு காகிதத்தில் எழுதி வண்டிக்குள் ஒட்டி வைத்தார்.

யார் எது சொன்னாலும் நம்பிவிட வேண்டுமா என்று கேட்பீர்கள். அவர் அப்படி நம்பவில்லை. டாங்கில் கற்பூரம் போட்டால் குளிரில் நன்றாகப் பற்றும் என்று வழியோடு போன ஒருவர் சொன்னபோது சிரித்து அனுப்பிவிட்டார். ராணுவக்காரர் அங்கே இருந்தவர்; சொல்வதால் அவருக்கு ஒரு காசு லாபமில்லை; எல்லாவற்றுக்கும் மேலாக, தன் வண்டி வெடித்த கதையைத் தானே சொன்னவர். தன் கௌரவத்துக்குக் குறைவான உண்மையைச் சொல்கிறவனை நம்பலாம் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது.

வேன் உடையவரைப் பற்றிக் குறைவாக நினைத்துவிடாதீர்கள். நல்ல மனிதர். அவரே என்னிடம் ஒருநாள் வயிறெரிந்து பேசியிருக்கிறார். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் குழித்தறியில் தண்ணீர் ஊறும். கால் வைக்க முடியாது. ஈரக் காற்றில் பாவு சொன்னபடி கேட்காது. நாள் கணக்கில் தறி நிற்கும், கூலி நிற்கும். இதைப் போய்ச் சொன்னால் சேலை வாங்குகிற முதலாளி, "மழை வெளியே பெய்கிறது, தறி வீட்டுக்குள்ளே இருக்கிறது, என்ன கதை சொல்கிறாய்?" என்று கேட்டாராம். "குழிக்குள்ள ஒருநாள் உட்கார்ந்து பாத்தாத்தானே தெரியும்!" என்றார் என்னிடம்.

அப்படியானால் ஒவ்வொரு முதலாளியையும் குழிக்குள் இறக்கித்தான் நியாயம் பெற வேண்டுமா? அது நடக்கிற காரியமா? பசித்தவன் பசி என்கிறான்; சாப்பிட்டவன் பட்டால்தான் தெரியும் என்று ஒதுங்கிக் கொள்கிறான். அறியாமைக்கு இதைவிட வசதியான போர்வை கிடையாது. 'எனக்குத் தெரியாது' என்பது பல சமயங்களில் 'சொன்னதை நான் நம்பவில்லை' என்பதன் மரியாதையான பெயர்தான்.

1962இல் என்ன நடந்தது? சமவெளியில் பழகிய நம் சிப்பாய்கள் பருத்திச் சீருடையோடும் கான்வாஸ் காலணியோடும் வடகிழக்கு எல்லைக்கு அனுப்பப்பட்டார்கள். பத்தாயிரம் அடிக்கு மேலே, நம்கா சூ ஆற்றங்கரையில், அக்டோபர் 20ஆம் தேதி விடியற்காலையில் சண்டை மூண்டது. நம் கணக்கில் ஐப்பசி பிறந்து சில நாள். மாகறலில் மின்விசிறி ஓடுகிற காலம். மலையில் குளிரும் என்பதை அனுப்பியவர்களுக்குச் சொல்ல ஆள் இல்லாமலா போயிற்று? சொன்னவர்கள் இருந்தார்கள். சொன்ன சொல் டெல்லிக்குப் போய்ச் சேர்ந்தபோது அது வெறும் சொல்லாக இருந்தது, குளிராக இருக்கவில்லை. பத்ரிநாதமும் பத்தாயிரம் அடிக்கு மேலேதான். அந்த எழுபத்து நான்கு வயது அம்மாளுக்குத் தெர்மோஸ்டாட் என்றால் என்னவென்று தெரியாது. அவள் குளிரில் நடுவழியில் நிற்பதும் நிற்காததும் மாகறலில் ஒருவர் ஒரு சொல்லை எவ்வளவு தூரம் நம்பினார் என்பதைப் பொறுத்திருந்தது. நம்பியவர் அந்த வண்டியில் போகப் போகிறவர் அல்ல; அந்தக் குளிரை அவர் ஒருநாளும் அனுபவிக்கப் போவதில்லை.

இதில் ஒரு சங்கடம் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. முன்னேற்பாடு பலித்துவிட்டால் அது பலித்ததற்கு அடையாளமே இருக்காது. கார்த்திகை பிறந்து சில நாளில் வேன் திரும்பி வந்தது. பதினோரு பேரும் சௌக்கியம். பத்ரிநாதத்தில் இரண்டு இரவு. பக்கெட்டில் வைத்த தண்ணீர் காலையில் கண்ணாடி மாதிரி இருந்ததாம். வண்டி இரண்டாவது செல்ஃபிலேயே ஸ்டார்ட் ஆகிவிட்டதாம். உடையவர் அன்று மாலையே கொட்டகைக்கு வந்தார். நானும் மறுபடி ஊருக்கு வந்திருந்தேன்.

"பாத்தியா? வண்டிக்கு ஒண்ணுமே ஆவல. ஏழாயிரம் தண்டம்" என்றார்.

இதற்கு என்ன பதில் சொல்ல முடியும்? செய்யாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று காட்ட இன்னொரு வேனா இருக்கிறது? பழைய ஹீட்டர் பிளக்கோடும் கிணற்றுத் தண்ணீரோடும் அதே இரவில் அதே இடத்தில் நிற்க இன்னொரு மெட்டடாரா கிடைக்கும்? மெக்கானிக் இதையெல்லாம் பேசவில்லை. வண்டிக்கு அடியில் குனிந்து ஏதாவது ஒழுகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கையைத் துடைத்துக் கொண்டு கேட்டார்:

"குளிர் எப்படிண்ணே இருந்துது?"

உடையவர் சற்று நேரம் யோசித்தார். கையை விரித்தார், மடக்கினார். ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக் கொண்டார்.

"அதெல்லாம் சொன்னா உனக்குப் புரியாதுப்பா" என்றார்.

மெக்கானிக் தலையை ஆட்டிவிட்டு, அந்தப் பச்சைத் தண்ணீரை இறக்கிவிட்டுப் பழையபடி கிணற்றுத் தண்ணீர் ஊற்றட்டுமா என்று கேட்டார். உடையவர் ரேடியேட்டர் மூடியைத் திறந்து ஒருதரம் எட்டிப் பார்த்தார்.

"இருக்கட்டும்" என்றார்.